சீமைக் கடையும் நம் மலை இரயிலும்

வெளிநாடு சென்று திரும்பும் அன்பர்களின் பெட்டியைத் திறந்து பார்த்தாலே காலம் இன்னதெனத் தெரிந்துவிடும். முன்னர்க் கைக்கடிகாரமும் வானொலிப் பெட்டியும் வந்தன. இப்போது இலண்டனிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் சின்னஞ்சிறு இரயில் வண்டிகள் வருகின்றன. பேரனுக்கென்று சொல்லி வாங்கப்படும் இவ்வண்டிகளை இரவில் கதவைச் சாத்திக்கொண்டு தாத்தாவே ஓட்டிப் பார்க்கின்றார் என்பது வேறு செய்தி.

சீமைப் பட்டியலைப் பார்த்துச் சிறிய இரயில் வாங்கும் வழக்கம் பாலக்காட்டிலிருந்து மூணாறு வரை நீளும் நம் எல்லைப்புறத்துக்குப் புதிதன்று. நூறாண்டுகளுக்கு முன்னரே இங்கு அது நடந்திருக்கின்றது. அன்று வாங்கியவர்கள் அரசரும் தோட்டத் துரைமாரும். வாங்கியது மரமும் தேயிலையும் சுமப்பதற்கு.

கொச்சி சமஸ்தானத்தை 1895 முதல் 1914 வரை ஆண்ட இராமவர்மா மன்னர் காலத்தில் சொரனூர்–எறணாகுளம் இருப்புப்பாதை 1902-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அது சாலக்குடி வழியே சென்றது. சமஸ்தானத்தின் செல்வமோ தொலைவில், இன்று பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த பறம்பிக்குளம் காட்டில், தேக்காகவும் ஈட்டியாகவும் நின்றுகொண்டிருந்தது. அக்காட்டையும் சாலக்குடியையும் இணைக்கவே கொச்சி வன டிராம் பாதை அமைந்தது. 1907 முதல் ஓடிய அப்பாதையின் நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அகலம் ஒரு மீட்டர். எஞ்சின்கள் பெர்லின் நகரத்து ஓரன்ஸ்டைன் அண்டு காப்பெல் நிறுவனத்தார் செய்தவை. 1876-இல் தோன்றிய அந்நிறுவனம், தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஏற்ற சிறு எஞ்சின்களையும் இலேசான தண்டவாளங்களையும் செய்து உலகெங்கும் கப்பலேற்றி வந்தது.

மலைச்சரிவில் எஞ்சின் இறங்க இயலாத இடங்களில் கம்பிவடம் வேலை செய்தது. வடத்தின் ஒரு நுனியில் மரமேற்றிய வண்டி; மறு நுனியில் வெற்று வண்டி. பாரவண்டி தன் எடையாலேயே கீழே இறங்கும். அந்த இழுப்பில் வெற்று வண்டி மேலே ஏறும். கிணற்றில் இரட்டை வாளி கட்டி நீரிறைத்தவர்க்கு இது எளிதில் விளங்கும். இத்தகைய சரிவுகளோடு கூடிய அந்தப் பாதை 1963-ஆம் ஆண்டு மூடப்பட்டது. இன்று பறம்பிக்குளத்துக்கு வண்டியில் செல்வோர் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டுச் சாலையில்தான் செல்கின்றனர். கேரளத்துக் காட்டுக்குத் தமிழ்நாடு வாயிற்படி!

மூணாற்றுக் கதை நம்மவர்க்கு இன்னும் நெருக்கமானது. கண்ணன் தேவன் கம்பெனி 1897-இல் தோன்றியது. அதன் தோட்டங்களுக்கு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து வந்தவர் பலர். இச்சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றின் வரலாறும் அங்கேதான் தொடங்குகின்றது. அவர்கள் பறித்த இலை தேயிலையாகி மலையிறங்க வழி வேண்டியிருந்தது. அதற்காக 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் போடப்பட்டது ஒற்றைத் தண்டவாளம். யூயிங் முறை என்று அதனைச் சொல்வர். வண்டியின் எடை பெரும்பாலும் அந்த ஒரே தண்டவாளத்தின் மீது இருக்கும். பக்கத்தில் சாலைமீது உருளும் ஒரு பெரிய சக்கரம் வண்டி சாயாமல் காக்கும். இழுத்தவை மாடுகள். இதே முறையில் பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907 முதல் 1927 வரை ஓடிய பாதைக்குப் பெர்லினிலிருந்து எஞ்சின்கள் வந்தன. அவற்றுள் ஒன்றைத் தில்லி தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் காணலாம்.

குண்டளையின் ஒற்றைத் தண்டவாளம் 1908-இல் இரண்டடி அகலமுள்ள இருப்புப்பாதையாயிற்று. மூணாறு, மாட்டுப்பட்டி, குண்டளை கடந்து அது முடிந்த உச்சிக்கு டாப் ஸ்டேஷன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கிப் போடிநாயக்கனூர் சென்றன. 1924 ஜூலை மாதத்தில் பெருவெள்ளம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099 ஆதலின் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்று மலையாள மக்கள் இன்றும் நினைவுகூர்வது அதனையே. பாதை சிதைந்தது, மீண்டும் போடப்படவில்லை. நான்கே ஆண்டுகளில், 1928-இல், மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்து சேர்ந்ததை எண்ணும்போது நமக்கு ஒரு பெருமூச்சு எழுகின்றது.

எஞ்சியது என்ன? மூணாற்று நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று. நல்லதண்ணி எஸ்டேட்டில் 2005-இல் தொடங்கிய தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த இரயிலின் எஞ்சின் சக்கரம் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. பள்ளிப் பிள்ளைகள் அதனைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்கின்றனர். அதே பிள்ளைகள் வீட்டில் வைத்து ஓட்டுவதோ சுவிட்சர்லாந்து இரயில். பிள்ளைகளைக் குறைகூற நாம் முன்வரவில்லை. வாங்கிக் கொடுத்தவர்கள் நாமல்லவா?

ஆகவே, அடுத்து வெளிநாடு செல்வோர்க்குச் சில சொற்கள். கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது 87-இல் ஒரு பங்கு அளவு. அதன் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர், பெருக்கினால் ஐரோப்பியப் பாதையின் 1,435 மில்லிமீட்டர் வரும். பாலக்காட்டில் நாம் ஏறும் அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர். எனவே அவ்வண்டியை வாங்கி நம் ஊர் இரயில் என்று சொன்னால் கணக்கு உதைக்கும். மீட்டர் பாதைக்கு அக்குறையில்லை. அதே அளவில் 12 மில்லிமீட்டர்த் தண்டவாளம் விற்கின்றனர். தோட்டத்து மண்ணில் போடும் பெரிய வகையோ இன்னும் பொருத்தம்: 45 மில்லிமீட்டர் அகலம், இருபத்திரண்டரையில் ஒரு பங்கு அளவு, பெருக்கிப் பார்த்தால் ஒரு மீட்டருக்கு மிக அருகில் வருகின்றது. நியூரம்பெர்க் நகரத்து லேமன் நிறுவனம் 1968-இல் தொடங்கிய வகை இது. சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் இரயில்வே மீட்டர் பாதையாதலின் அதன் வண்டிகள் இவ்வளவில் ஏராளம். நீலகிரி மலை இரயிலின் பழைய நீராவி எஞ்சின்களும் அந்நாட்டு வின்டர்தூர் ஆலையில் பிறந்தவையே என்பதால் அவ்வண்டிகளை அயலார் என்று தள்ளவும் மனம் வரவில்லை.

குண்டளையின் இரண்டடிப் பாதையை 87-இல் ஒரு பங்காக்கினால் 7 மில்லிமீட்டர். கடையில் எளிதில் கிடைப்பது 9. இந்த இரண்டு மில்லிமீட்டரை மன்னித்துவிடலாம். பெர்லின் காப்பெல் எஞ்சினின் சாயலுள்ள சிறிய எஞ்சின்களை இவ்வகையில் தேடிப் பெறலாம். வாங்குமுன் ஒன்று கேட்க வேண்டும்: மின்சாரம் இரண்டு தண்டவாளங்களில் வருவதா, நடுவே மூன்றாவது தொடுமுனை உள்ளதா? ஒன்றுக்குச் செய்த எஞ்சின் மற்றதில் ஓடாது. ஜப்பானில் வாங்குவோர் அங்கு வீட்டு மின்சாரம் 100 வோல்ட் என்பதை மறவாமல் மின்மாற்றியை மட்டும் இங்கு வாங்குவது நலம். அதை நேரே நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைவண்டி என்னும் பெயர் வேறு வகையில் மெய்யாகிவிடும்.

நிலையத்தையும் பாலத்தையும் எந்தக் கடையிலும் வாங்க இயலாது. மூணாற்றுக் கட்டடத்தின் முகப்பை அளந்து, அட்டையிலோ மரத்திலோ நம் பிள்ளைகளே செய்ய வேண்டியதுதான். 1902-ஆம் ஆண்டின் ஒற்றைத் தண்டவாளத்தையே செய்து பார்க்க விரும்புவோர்க்கு எஞ்சின் செலவும் இல்லை. மாட்டுப் பொம்மைகள் இருந்தால் போதும். அவற்றைக் கல்பாத்தித் தேர்க்கடைகளிலேயே தேடலாம்.