தவிடு போன பாட்டு

மஞ்சள் வித்து கையில நாலு காசு வந்ததும் நம்ம பக்கம் நடக்கிற முதல் காரியம், வண்டிக்குப் பாட்டு செட் மாத்துறது. பிக்கப்புக்கு சீட்டுக்குப் பின்னாடி ஒரு ஊஃபர், டிராக்டர் டாப்புக்கு ரெண்டு பெட்டி, காருக்குத் தொடுதிரை. பத்தாயிரம் பதினஞ்சாயிரம் செலவு பண்ணிட்டு, "சத்தம் வருதுங்க, பாட்டு வரலை"ன்னு சொல்றவங்களை வருசா வருசம் பார்க்கிறேன். பெரும்பாலும் பெட்டியில குறை இருக்காது. பெட்டிக்கு வந்து சேர்றதுக்கு முன்னாடியே பாட்டுல பாதி கழிஞ்சு போயிருக்கும். அது எப்படி ஆச்சுன்னு சொல்லணும்னா கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும்.

வண்டிக்குள்ள பாட்டு கேட்கிற வழக்கம் ஊரறிய வியாபாரமானது 1930ல. அமெரிக்காவில் சிகாகோ நகரத்துல பால் கால்வின், ஜோசப் கால்வின்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் நடத்தின கம்பெனி, காருக்குன்னே ஒரு ரேடியோ செஞ்சு வித்தது. மோட்டார்ல ஓடுற பாட்டுங்கிற அர்த்தம் வர்ற மாதிரி அதுக்கு மோட்டோரோலான்னு பேர் வெச்சாங்க. பின்னாடி கம்பெனிக்கே அந்தப் பேர் ஆகிடுச்சு. அவங்களுக்கு ரேடியோ செய்யறதை விடப் பெரிய பாடா இருந்தது, எஞ்சினோட மின்சார இரைச்சலை அடக்கறதுதான். ஸ்பார்க் பிளக்கும் ஜெனரேட்டரும் போடுற கரகரப்பு ரேடியோவுக்குள்ள புகுந்துடும்.

தொண்ணூறு வருசத்துக்கு மேல ஆச்சு, அந்தத் தொந்தரவு இன்னும் போகலை. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல "ங்ஙொய்"னு ஒரு சத்தம் ஏறுதே, அது ஆல்டர்னேட்டர் சத்தம். செட் போட்டுக் குடுத்தவர் எர்த் வயரை பெயின்ட் மேலயே முறுக்கி விட்டிருப்பார். பெயின்டைச் சுரண்டி, வெறும் தகடு தெரிய வெச்சு போல்ட் போட்டு இறுக்கினாலே பல வண்டியில போயிடும். ஆம்ப்ளிஃபயருக்கு பேட்டரியில இருந்து நேரா, ஃபியூஸ் வெச்சு, தனி வயர் இழுக்கணும். பாட்டு வயரை அந்த வயரோட சேர்த்துக் கட்டக் கூடாது. எதிர்ப்பக்கமா கொண்டு போகணும்.

அடுத்தது கேசட். பிலிப்ஸ் கம்பெனி 1963ல கொண்டு வந்தது. நம்ம ஊருக்கு அது நல்லா பரவினது எண்பதுகள்லதான். அந்தக் காலத்து ரெக்கார்டிங் சென்டரை மறக்க முடியுமா? நோட்டுப் பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்தா, 60 நிமிச கேசட்டோ 90 நிமிச கேசட்டோ, ரெண்டு நாள்ல பதிஞ்சு குடுப்பாங்க. நல்ல சென்டர்காரர் இசைத்தட்டுல இருந்து நேராப் பதிவார். சுமாரானவர் இன்னொரு கேசட்டுல இருந்து பதிவார். எது எதுன்னு காதுக்கு உடனே தெரியும், ஏன்னா நகல் எடுக்க எடுக்க "உஸ்"ஸுங்கிற இரைச்சல் கூடிக்கிட்டே போகும். எங்க பக்கத்து தனியார் பஸ்கள்ல நல்ல செட் வெச்ச பஸ்ஸுக்காகவே காத்திருந்து ஏறின ஆளுங்க உண்டு. டிரைவர் அந்தக் கேசட்டைக் கண்ணு மாதிரி பார்த்துக்குவார். வெயில்ல டேஷ்போர்டு மேல வெச்சா நாடா இழுபட்டு அழற மாதிரி பாடும்.

1982ல சிடி வந்தது. ஒரு நொடிச் சத்தத்தை 44,100 தடவை அளந்து எண்ணா எழுதி வைக்கிறதுதான் சிடி. இரைச்சல் கிடையாது, தேய்மானம் கிடையாது. 1984லயே காருக்கான சிடி பிளேயரை ஜப்பான்காரங்க விக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா நம்ம கிராமத்து வண்டிக்குள்ள அசல் பாட்டு சிடி வந்துச்சான்னு யோசிச்சுப் பாருங்க. விலையும் கட்டுபடியாகலை, மண் ரோட்டுல குதிச்சா பாட்டும் குதிக்கும். நாம கேசட்டுல இருந்து நேரா எம்பி3க்குத் தாவினோம். சுத்தமான சத்தம்னா எப்படி இருக்கும்னு வண்டிக்குள்ள கேட்டுப் பழகற அந்த ஒரு படியையே தாண்டிட்டோம். இன்னிக்கு இருக்கிற குறைக்கு இதுதான் மூலம்னு நான் நினைக்கிறேன்.

எம்பி3 பிறந்தது ஜெர்மனியில், எர்லாங்கன் ஊர்ல இருக்கிற ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையத்துல. கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவர் கூட இருந்தவங்களும் பல வருசம் உழைச்சாங்க. கோப்புக்கு ".எம்பி3"ங்கிற வாலை முடிவு பண்ணினது 1995 ஜூலை மாசம். சுசான் வேகாங்கிற அமெரிக்கப் பாடகி வாத்தியமே இல்லாம பாடின ஒரு பாட்டை வெச்சு பிராண்டன்பர்க் திரும்பத் திரும்பச் சோதிச்சார். தனிக் குரல்ல சின்னப் பிசகு இருந்தாலும் மாட்டிக்கும்.

அவங்க கண்டுபிடிச்ச சூட்சுமம் நமக்குப் புதுசு இல்லை. டீசல் மோட்டார் ஓடும்போது பக்கத்துல தென்னங்கீத்து உரசற சத்தம் காதுல விழாது. சத்தம் இருக்கு, பெரிய சத்தம் அதை மறைச்சிடுது. மறைஞ்சு போறதை எதுக்கு எழுதி வைக்கணும், விட்டுடலாம்னு முடிவு பண்ணினாங்க. அஞ்சு நிமிசப் பாட்டு சிடியில 50 எம்பி இருந்தா, 128 கேபிபிஎஸ் அளவுல எம்பி3யா மாத்தினா 5 எம்பிக்குள்ள அடங்கிடும். பத்துல ஒரு பங்கு! அளவா தீட்டினா அரிசி மாதிரிதான், வாய்க்கு வித்தியாசம் தெரியாது. 320ல பதிஞ்சா வண்டிக்குள்ள யாராலயும் கண்டுபிடிக்கறது கஷ்டம். 128ல தாளச் சத்தம் தண்ணியில நனைஞ்ச மாதிரி "ஷ்வ்ஷ்வ்"னு கேட்கும். 64னா நொய்யரிசி.

1999ல இங்கிலாந்துல எம்பெக்னு ஒரு சின்னக் கம்பெனி, ஹார்டுடிஸ்க் வெச்ச எம்பி3 செட்டை காருக்குச் செஞ்சு வித்தது. வசதியானவங்களுக்கான சாமான் அது. நமக்கு வந்தது பஸ் ஸ்டாண்டுல விக்கிற "150 பாடல்கள்" சிடி. ஒரு சிடியில 700 எம்பிதான் கொள்ளும், 150 பாட்டை அடைச்சா ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு இடம் கிடைக்கும்னு கணக்குப் போட்டுக்கோங்க. அடுத்து செல்போன் கடையில மெமரி கார்டுல பாட்டு ஏத்தறது, அப்புறம் பென் டிரைவ். ஒருத்தர் சுருக்கினதை இன்னொருத்தர் விரிச்சு, மறுபடி சுருக்கி, பேரை மாத்தி "320"னு போட்டு இணையத்துல ஏத்துவார். தீட்டின அரிசியில தவிட்டைத் தூவினா கைக்குத்தல் அரிசி ஆகிடுமா? கேசட்டு நகலாவது "உஸ்"ஸுன்னு இரைஞ்சு தன் குறையைத் தானே சொல்லிச்சு. இது சொல்லாது.

இதுல எனக்கு ஆறாத விசயம் சினிமாப் பாட்டு இல்லை. சினிமாப் பாட்டுக்கு அசல் எங்கேயாவது இருக்கும். எங்க ஊர்க் கோயில்ல அண்ணன்மார் கதையை உடுக்கையடிச்சுப் பாடினதை தொண்ணூறுகள்ல பெரியப்பா கேசட்டுல பிடிச்சு வெச்சிருந்தார். பாடினவர் இப்ப இல்லை. அந்தக் கேசட்டுகள்ல ரெண்டை ஒரு கடையில குடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்லியிருக்காங்க. கார்டுல நிறைய கொள்ளணும்னு 64ல சுருக்கி ஏத்திக் குடுத்தாங்க, கேசட் திரும்பி வரவே இல்லை. உடுக்கையோட இடுப்புக் கயிறை அழுத்தி விடும்போது "கூம்"னு ஒரு வளைவு வருமே, அது இப்ப அந்தக் கோப்புல வெறும் தட்டல். திருவிழா அன்னிக்கு ஆயிரம் வாட் செட்டுல போட்டாலும் அதேதான், தட்டல் பெருசா கேட்கும்.

வாட்டுன்னதும் ஞாபகம் வருது. செட்டு முகப்புல "50 வாட் x 4"னு போட்டிருக்கும். வண்டியில இருக்கிறது 12 வோல்ட் பேட்டரி, எஞ்சின் ஓடும்போது 14 சொச்சம். அதை வெச்சு சாதாரண 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒவ்வொண்ணுக்கும் 20 வாட் சுத்தமா குடுத்தாலே பெருசு. அதுக்கு மேல திருகினா பாட்டோட தலை வெட்டுப்பட்டு கிழியும். தனி ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே வோல்ட்டை ஏத்திக்கும், அதனாலதான் அதுல உண்மையான பலம்.

போனை புளூடூத்ல விட்டா பாட்டு இன்னொரு தடவை சுருங்கித்தான் காத்துல போகும். நல்ல கோப்பா இருந்தா பெருசா தெரியாது, ஏற்கனவே நொந்த கோப்புன்னா நல்லாவே தெரியும். சிகரெட் லைட்டர்ல சொருகி எஃப்எம்ல பிடிக்கிற சாமான் இருக்கே, அதை விட்டுடுங்க. எஃப்எம்ல 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல சத்தமே போகாது, போதாததுக்கு அடுத்த ஸ்டேஷனும் ஏறும். பென் டிரைவ் நேரா சொருகறது மேல். செட் ஃப்ளாக் கோப்பு எடுக்குமான்னு வாங்கும்போதே கேட்டுக்கோங்க.

பேஸ் வரலைன்னு ஊஃபருக்குப் போறதுக்கு முன்னாடி, ரெண்டு ஸ்பீக்கர்லயும் பிளஸ் மைனஸ் ஒரே மாதிரி கொடுத்திருக்கான்னு பாருங்க. ஒண்ணு மாறினா ஒண்ணு முன்னாடி தள்ளும்போது இன்னொண்ணு பின்னாடி இழுக்கும், அடிச்சத்தம் காணாமப் போயிடும். அப்புறம் கதவைத் தட்டிப் பாருங்க. டின்னு மாதிரி கேட்டா உள்பக்கம் ஒட்டற டாம்பிங் ஷீட் வாங்கி ஒட்டுங்க. இதெல்லாம் ஒரு மத்தியான வேலை.

பெரியப்பா பரண்ல இன்னும் மூணு கேசட் கிடைச்சது. டேப் ரெக்கார்டர் ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, லேப்டாப்ல வயர் சொருகி, சுருக்காம வேவ் கோப்பா ஏத்தி வெச்சிருக்கேன். ஒரு பக்கம் 45 நிமிசம், 475 எம்பி வருது. பூஞ்சை பிடிச்ச ஒரு பக்கம் மட்டும் பாக்கி. பிக்கப்புல தங்காளோட அழுகைப் பாட்டு ஓடும்போது, உடுக்கை "கூம்"ங்குது. கேசட்டு மூணையும் தகர டப்பாவுல போட்டு, வெயில் படாம அலமாரியில வெச்சிருக்கேன். நகல் வேணுங்கிற பங்காளிங்க பென் டிரைவ் கொண்டு வாங்க, வாட்ஸ்அப்ல கேட்காதீங்க.