கொங்கு நாடும் கொதிப்பு வியாதியும்

1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோயம்புத்தூரின் முதல் நூற்பாலையை எழுப்பிய காலத்தில், கொங்கு நாட்டுக் குடியானவன் விடியுமுன் எழுந்து மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்து, சோளச் சோறும் ராகிக் களியும் கம்பங்கூழும் கொள்ளுப் பருப்புமாக ஜீவித்து வந்தான். அரிசிச் சோறு அவனுக்கு நோம்பி நாளின் விசேஷம். 1932 வாக்கில் பைக்காரா மின்சாரம் வந்து ஆலைகள் பெருகியதும், கவலையின் இடத்தைப் பம்புசெட்டு பிடித்ததும், 1955-இல் கீழ்பவானி அணை நிறைவேறி மேட்டுக் காடுகளுக்கும் நீர் பாய்ந்ததும் பஞ்சத்தை விரட்டிய பாக்கியங்கள். அவற்றைக் குறை கூறுவது நன்றி மறப்பதாகும். ஆயினும் சரீர உழைப்புக் குறைந்து, அரிசியும் சர்க்கரையும் எண்ணெயும் உப்பும் மிகுந்த வாழ்வில், ரத்தக் கொதிப்பும் நீரிழிவும் வந்து குடியேறின. வலியேதும் காட்டாமல் இருதயத்தையும் சிறுநீரகத்தின் நுண்ணிய நாளங்களையும் ஒருங்கே அரிக்கின்ற அவ்விரு வியாதிகளும் வெளிப்படும் வேளையில், வாரம் இருமுறை மும்முறை டயாலிசிஸுக்குப் படுக்க நேரும் அவஸ்தையில், தலைமுறையாகத் தேடிய காடு தோட்டம் கைமாறிவிடக் கூடும்.

வருமுன் காக்கும் மார்க்கத்தைத் தமிழ்நாட்டில் செய்து காட்டியவர் சென்னை டாக்டர் எம். கே. மணி. சென்ற நூற்றாண்டின் இறுதியில் அவருடைய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னையை அடுத்த கிராமங்களில் சுமார் 25,000 ஜனங்களை வீடு தேடிச் சென்று சோதித்தது. சென்றவர்கள் மருத்துவர்களல்லர், பள்ளிப் படிப்புள்ள உள்ளூர்ப் பெண்கள். குழாயில் எடுத்த சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தைச் சில துளி விட, அது பால்போலக் கலங்கினால் புரதம் கசிகிறதென்று அறிந்தார்கள். நீலநிறப் பெனடிக்ட் கரைசலோடு சேர்த்துக் காய்ச்ச, அது பச்சையாகவோ மஞ்சளாகவோ செங்கல் நிறமாகவோ மாறுவதைக் கொண்டு சர்க்கரையின் அளவைக் கண்டார்கள். கொதிப்பைத் தணிக்கக் கொடுத்த ரெசர்பின், நம் வைத்தியர்கள் நெடுங்காலம் கையாண்ட சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952-இல் பிரித்தெடுக்கப்பட்ட மருந்து. மலிவானது என்பதே அதைத் தேர்ந்ததன் காரணம். திட்டம் முழுவதற்கும் ஆளொன்றுக்கு ஆண்டுச் செலவு அப்போது 27 அமெரிக்க சென்ட் மட்டுமே ஆயிற்று. ஏழை நாடுகளுக்கு இதனினும் பெரிய உபகாரம் இத்துறையில் அரிது என்பேன்.

பின்னர் அரசும் இவ்வழியில் இறங்கியது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம், கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. 2023-இல் எடப்பாடியில் தொடங்கிய சிறுநீரகக் காப்புத் திட்டம், சிறுநீரில் புரதம் காணும் எளிய சோதனையை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொண்டு சென்றது. அச்சோதனை அங்கே நின்றுவிடாமல், சென்னிமலைத் தறிக்கூடங்களுக்கும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும் வேலை நேரத்திலேயே செல்ல வேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம். உடம்பில் நோவொன்றும் தெரியாதபோது ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கக் கூடியவர்கள் அங்கே சிலரே.