நிறத்துக்கு முன் எழுதப்பட்ட சொல்

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டை ஒட்டிச் செல்லும் அரவிந்தர் சாலை, வடக்கே சப்தர்ஜங் கல்லறையருகே தொடங்கித் தெற்கே குதுப்மினாரை நோக்கி நீள்கிறது. இன்று முருங்கைக்காயும் மீனும் தேடித் தென்னிந்தியர் கூடும் இப்பகுதியைக் கடந்துதான் 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியப் பயணிகள் குதுப்மினாரைக் காணச் சென்றனர். அக்காலத் தில்லியின் இடிபாடுகளை வரைவதற்கென்றே 1874 மார்ச்சில் வந்து பத்து நாள் தங்கியவர் எட்வர்ட் லியர்.

அபத்தப் பாடல்களால் உலகறிந்த லியருக்கு (1812–1888) வாழ்க்கைத் தொழில் நிலக்காட்சி ஓவியமே. அரசப் பிரதிநிதி நார்த்புரூக் பிரபுவின் அழைப்பை ஏற்று, 1873 நவம்பரில் பம்பாயில் இறங்கினார். அப்போது வயது 61. நெடுநாள் பணியாளர் ஜார்ஜியோ உடனிருந்தார்.

லியரின் நீர்வண்ண ஓவியங்கள் திறந்தவெளியில் தீட்டப்பட்டவை என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. இது பாதி உண்மை. வெளியில் நடந்தது பெரும்பாலும் பென்சில் வேலை. மலையின் விளிம்பு, மரத்தின் உருவம், கோபுரத்தின் உயரம் ஆகியவற்றை விரைந்து கோடிட்டபின், இடம், நாள், மணி, வரிசையெண் ஆகியவற்றைத் தாளிலேயே குறித்துக்கொள்வார். எந்தப் பகுதிக்கு எந்த நிறம் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்லாக எழுதிவிடுவார். பாறைகளுக்குரிய ஆங்கிலச் சொல்லை ஒலிப்புக்கு ஏற்ப மூன்றே எழுத்தில் சுருக்கி எழுதும் விளையாட்டும் அவற்றுள் உண்டு. பின்னர், சிலவேளை நெடுங்காலம் கழித்து, அறைக்குள் அமர்ந்து பென்சில் கோட்டின்மீது மையோட்டி வண்ணம் பூசுவார். எழுத்துகளின்மீதும் மையோட்டப்பட்டது, அவை அழிக்கப்படவில்லை.

இம்முறைக்கு நடைமுறைத் தேவையும் இருந்தது. கடும் வெயிலில் நீர்வண்ணம் அடுத்த நிறத்தோடு கலக்குமுன்பே உலர்ந்துவிடும். ஈரக்காற்றிலோ எளிதில் உலராது. பென்சிலுக்கும் சொல்லுக்கும் இவ்விரு தொல்லையும் இல்லை.

தில்லியைவிடத் தமிழ் வாசகருக்கு நெருக்கமானது அதே ஆண்டின் பிற்பகுதி. ஆகஸ்டில் சென்னைக்கு வந்த லியர் காஞ்சிபுரம், மாமல்லபுரம், திருச்சி, தஞ்சாவூர் எனப் பயணித்து வரைந்தார், நீலகிரிக்கும் ஏறினார். புகைப்படக் கருவி அதற்கு முன்பே இவ்விடங்களை எட்டியிருந்தது. ஆயினும் அது தந்தது கறுப்பு வெள்ளை. ஆகவே, 1874இல் தமிழ்நிலம் எந்நிறத்தில் இருந்தது என்று அறிய விழைவோர் இத்தகைய ஓவியங்களையே நாடுகின்றனர். சிக்கல் இங்கேதான் எழுகிறது. தாளிலுள்ள நாளும் மணியும் பென்சில் கோட்டுக்கு உரியவை. பூச்சு எப்போது ஏறியது என்பதற்கு அவை சான்றாகா. நிறத்தின் நேரடிச் சாட்சி, பூச்சுக்கு அடியில் கிடக்கும் அந்தச் சொல்தான். அச்சுப் படிகளில் ஓவியத்தைச் சிறிதாக்கி வெளியிடும்போது முதலில் படிக்க முடியாமற் போவதும் அச்சொல்லே. இது சிறிய இழப்பன்று.

அவ்வாண்டின் இறுதியில் இலங்கையில் ஜார்ஜியோ வயிற்றுக்கடுப்பால் நோயுற்றார். பயணம் சுருங்கியது, 1875 ஜனவரியில் இருவரும் பம்பாயிலிருந்து கப்பலேறினர். லியரின் இந்தியக் குறிப்பேடுகளும் பெருந்தொகையான நிலக்காட்சித் தாள்களும் இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் உள்ளன.