ஓர் உதையின் ஆயுள்: அமெரிக்கக் கால்பந்தில் கிக்கரின் பணிப் பாதுகாப்பு

ஊட்டியிலிருந்து எமரால்டு போகும் சாலையில் உள்ள இத்தலார், அமெரிக்காவின் டென்வர் நகரத்தைவிட உயரமான இடம். டென்வர் கடல்மட்டத்திலிருந்து 1,609 மீட்டர் உயரம். ஊட்டி சுமார் 2,240. மேலே போகப் போகக் காற்று மெலியும், பறக்கும் பந்துக்குத் தடை குறையும். இதற்கு அமெரிக்கக் கால்பந்தின் சாதனைப் பட்டியலே சாட்சி. டாம் டெம்ப்சி 1970இல் நியூ ஆர்லியன்சில் அடித்த 63 யார்டு ஃபீல்டு கோலைச் சமன்செய்த முதல் இருவர் ஜேசன் ஈலமும் (1998) செபாஸ்டியன் யானிகோவ்ஸ்கியும் (2011). அதை முறியடித்து 64 யார்டு அடித்தவர் மாட் பிரேட்டர் (2013). மூவரும் உதைத்த இடம் டென்வர்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை ஏந்தி ஓடுவதும் எறிவதும்தான் பெரும்பகுதி. காலுக்கு வேலை குறைவு. எதிரணியின் எல்லைவரை போக முடியாத அணி தன் கிக்கரை அழைக்கும். ஒருவர் குனிந்து கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் எறிவார். ஏழெட்டு யார்டு பின்னால் மண்டியிட்டிருப்பவர் அதைப் பிடித்துத் தரையில் நிறுத்துவார். கிக்கர் ஓடிவந்து உதைப்பார். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றேகால் நொடி. பத்தடி உயரக் குறுக்குக் கம்பிக்கு மேலே, பதினெட்டரை அடி இடைவெளியுள்ள இரு கம்பங்களுக்கு நடுவே பந்து போனால் அது ஃபீல்டு கோல், மூன்று புள்ளி. அவ்வளவுதான் அவர் வேலை. ஒரு பருவத்தில் அவருக்குக் கிடைக்கும் ஃபீல்டு கோல் வாய்ப்புகள் சுமார் முப்பது.

இந்த முப்பதுதான் இக்கட்டுரையின் மையம். கிக்கரின் வேலை ஏன் நிலையற்றது என்று கேட்டால் விளையாட்டு எழுத்தாளர்கள் வழக்கமாக மனஉறுதியைக் காரணம் சொல்வார்கள். நெருக்கடியில் சிலருக்குக் கால் நடுங்கும், சிலருக்கு நடுங்காது என்பது அவர்கள் கட்சி. அந்த விளக்கம் கதைக்கு நல்லது, கணக்குக்கு ஒத்துவராது. கிக்கரை நிலையற்றவராக்குவது வேறு மூன்று: அவரை எடைபோடும் வாய்ப்புகள் மிகக் குறைவு, அவருக்கு ஈடானவர்கள் வெளியே ஏராளம், ஒப்பந்தத்தில் உறுதியான பணம் பெரும்பாலோருக்குச் சொற்பம். இவற்றில் இரண்டாவது காரணத்தை விளைவித்தது கிக்கர்களின் திறன் வளர்ச்சியே என்பதுதான் விசித்திரம்.

முதலில் கணக்கு. நூற்றுக்கு 85 உதைகளைச் சரியாக அடிக்கும் தேர்ந்த கிக்கர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எல்லா உதையும் ஒரே கடினம் என்றும் வைத்துக்கொள்வோம். மெய்யில் அப்படி இல்லை, ஆனாலும் வாதத்துக்குப் போதும். முப்பது உதையில் சராசரியாக 25 அல்லது 26 உள்ளே போகும். ஆனால் மூன்றில் இரண்டு பருவங்களில்தான் எண்ணிக்கை 24க்கும் 27க்கும் நடுவே நிற்கும். மற்றப் பருவங்களில், திறனில் கடுகளவு மாற்றமும் இல்லாமலே, அவர் 22 அடித்துத் தோற்றவராகவும் தெரியலாம், 28 அடித்து நாயகனாகவும் தெரியலாம். இன்னும் சிறிய அளவுக்கு வந்தால் நிலைமை மோசம். அதே கிக்கர் தன் முதல் ஆறு உதைகளில் மூன்றோ அதற்கு மேலோ தவறவிடும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவு. சின்ன எண்தான். ஆனால் என்.எஃப்.எல். என்ற அமெரிக்கத் தொழில்முறை லீகில் அணிகள் 32. எல்லாரும் 85 விழுக்காட்டுக்காரர்களாகவே இருந்தாலும், ஆண்டுதோறும் ஒருவரோ இருவரோ இப்படித்தான் தொடங்குவார்கள்.

யங்ஹோ கூ அப்படித் தொடங்கினார். சியோலில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போனவர். 2017இல் சார்ஜர்ஸ் அணியில் நான்கு ஆட்டம், ஆறு உதை, மூன்று தவறு, வேலை போயிற்று. 2019இல் பாதியிலேயே மூடப்பட்ட ஒரு சிறு லீகில் ஆடி, அதே ஆண்டு அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணிக்குள் நுழைந்தார். 2020 பருவத்தில் 39க்கு 37. ஆறு உதையைப் பார்த்து அவரை அனுப்பியவர்கள் எதைப் பார்த்தார்கள்? அவர்கள் கண்டது திறமையின்மையை அல்ல, பெரும்பாலும் தற்செயலை. இதே கூவை 2025 செப்டம்பரில் ஃபால்கன்ஸ் விடுவித்தபோது அதற்கு முந்தைய பருவமும் சறுக்கியிருந்தது. அந்த முறை அணியின் பக்கம் நியாயம் கொஞ்சம் கூடுதல் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

டேனியல் கார்ல்சனின் கதை இதைவிடக் கூர்மையானது. புதிய வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கும் ஆண்டுத் தேர்வில், 2018இல், மினசோட்டா வைக்கிங்ஸ் அவரை ஐந்தாம் சுற்றில் எடுத்தது. கிக்கருக்கு அது மதிப்பான இடம். பருவத்தின் இரண்டாம் ஆட்டம், செப்டம்பர் 16, கிரீன் பே. மூன்று உதைகள் தவறின, அவற்றில் இரண்டு கூடுதல் நேரத்தில். ஆட்டம் 29-29 என்று சமனில் முடிந்தது. மறுநாள் கார்ல்சனுக்கு வேலை இல்லை. அக்டோபரில் ரெய்டர்ஸ் அவரை எடுத்தது; மிச்சப் பருவத்தில் 17க்கு 16 அடித்தார். 2021இல் 150 புள்ளிகளோடு லீகின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். மனஉறுதிதான் காரணம் என்றால், செப்டம்பரில் இல்லாத உறுதி அக்டோபரில் எந்தக் கடையில் கிடைத்தது?

அணிகள் அறிவற்றவை அல்ல. பிறகு ஏன் இப்படிச் செய்கின்றன? இங்கேதான் வரலாறு வருகிறது.

1960கள் வரை கிக்கர்கள் நேராக ஓடிவந்து கால்விரல் நுனியால் உதைத்தார்கள். 1956 புரட்சிக்குப் பின் ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்த குடும்பத்தின் பிள்ளை பீட் கோகோலாக், 1964இல் பஃபலோ பில்ஸ் அணியில் சேர்ந்து, நம் ஊர்ப் பையன்கள் ஃப்ரீ கிக் எடுப்பதுபோலப் பக்கவாட்டில் வந்து புறங்காலால் அடித்தார். நார்வேயின் யான் ஸ்டெனெருட் பனிச்சறுக்குத் தாவலுக்கான உதவித்தொகையில் மொன்டானா போனவர். சைப்ரஸிலிருந்து வந்த ஆர்மீனியர் காரோ யெப்ரெமியன் 1966இல் ஒரே ஆட்டத்தில் ஆறு ஃபீல்டு கோல் அடித்தார். உலகம் முழுவதும் தெருவில் ஆடப்படும் உதையை இவர்கள் அந்த மைதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். வெற்றி விழுக்காடு ஏறியது. அறுபதுகளில் பாதியைச் சற்றுத் தாண்டி நின்றது, 2010களில் 85ஐ ஒட்டி வந்துவிட்டது. கிக்கர் வேலைக்காக மட்டும் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற முதல் ஆள் ஸ்டெனெருட் (1991). அவருடைய வாழ்நாள் கணக்கு 558க்கு 373, அதாவது 67 விழுக்காடு. இன்றைக்கு இந்த எண்ணோடு ஒருவர் அக்டோபரைத் தாண்ட மாட்டார்.

எல்லாரும் நன்றாக உதைக்கத் தொடங்கியதும், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள இடைவெளி சுருங்கியது. இடைவெளி சுருங்கினால் முடிவை நிர்ணயிப்பதில் அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும். ஒருவரை மாற்றினால் அணிக்கு நட்டமும் இராது. செவ்வாய்க்கிழமை நாலைந்து பேரைக் கூப்பிட்டு உதைக்கச் சொல்லி, ஒருவரைத் தேர்ந்து ஞாயிற்றுக்கிழமை இறக்கிவிடலாம். கார்ல்சனை அனுப்பியது புள்ளியியல்படி தவறான தீர்ப்பு. ஆனால் அணியின் கணக்குப்படி அது ஏறக்குறைய செலவில்லாத தீர்ப்பு. செலவு முழுவதும் ஒரு தனிமனிதன் தலையில் விழுந்தது.

ஆட்ட விதிகளும் திறனைத் துரத்திக்கொண்டே வந்தன. ஃபீல்டு கோல்கள் மலிந்துவிட்டன என்று 1974இல் கம்பங்களைப் பத்து யார்டு பின்னுக்குத் தள்ளினார்கள். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்க்கும் டச் டவுனுக்குப் பிறகான கூடுதல் புள்ளி உதை 99 விழுக்காட்டுக்கு மேல் வெற்றியாகி, பார்ப்பவர்கள் எழுந்து டீ குடிக்கப் போகும் நேரமாயிற்று. 2015இல் அதை 33 யார்டு உதையாக்கினார்கள். விழுக்காடு 94க்கு இறங்கியது. ஒரு தொழிலாளி தன் வேலையில் தேறியதற்காக வேலையே கடினமாக்கப்படுவது மற்றத் துறைகளிலும் உண்டு. இவ்வளவு வெளிப்படையாக நடப்பது அரிது.

சின்ன எண்ணிக்கை எப்போதும் கெடுதலே செய்யும் என்றும் இல்லை. 1982இல் வீரர்கள் வேலைநிறுத்தத்தால் பருவம் பாதியாயிற்று. வாஷிங்டனின் மார்க் மோஸ்லி 21க்கு 20 அடித்தார். லீகின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கே. அதற்கு முன்னும் பின்னும் எந்தக் கிக்கருக்கும் அது கிடைத்ததில்லை. இருபத்தோரு உதையால் மகுடம் சூட்டலாம் என்றால் ஆறு உதையால் வெளியே தள்ளவும் செய்வார்கள்.

எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. கிக்கர்கள்தானே அந்த ஆட்டத்தில் நெடுநாள் நிலைப்பவர்கள்? ஆடம் வினாட்டியேரி 24 பருவங்கள் ஆடினார், 46 வயதிலும் மைதானத்தில் இருந்தார், 2,673 புள்ளிகளோடு ஓய்வுபெற்றார். டென்மார்க்கின் மார்ட்டென் ஆண்டர்சனுக்கு 25 பருவம். மோதலில் சிக்காத உடல் நெடுநாள் உழைக்கும் என்பது உண்மை. ஆனால் இவர்கள் வடிகட்டியில் தங்கியவர்கள்; வழிந்து போனவர்களை யாரும் எண்ணுவதில்லை. வினாட்டியேரியையே தேர்வில் எந்த அணியும் எடுக்கவில்லை. ஐரோப்பாவில் ஆம்ஸ்டர்டாம் அணிக்கு உதைத்துவிட்டு வந்துதான் நியூ இங்கிலாந்தில் இடம்பிடித்தார். ஒருமுறை பெயர் நிலைத்துவிட்டால் தவறுகள் மன்னிக்கப்படும். 1998 பருவம் முழுவதும் 35க்கு 35 அடித்த கேரி ஆண்டர்சன், இறுதிக்கு முந்தைய ஆட்டத்தில் 38 யார்டு உதையைத் தவறவிட்டு மினசோட்டாவின் கனவைக் கலைத்தார். ஆனாலும் 2004 வரை ஆடினார். அவரிடம் முந்தைய பதினாறு ஆண்டுகளின் கணக்கு இருந்தது. புதியவரிடம் அது இராது. பதவிக்காலம் நீளுவதும் முதல் மாதத்திலேயே முறிவதும் இரு வேறு மனநிலைகளின் விளைவல்ல, ஒரே ஏற்பாட்டின் இரு முனைகள்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றும். நம் கால்பந்து வளர்ந்தது அலுவலக நிழலில். சென்னை லீகில் தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, வருமான வரித்துறை, சுங்கத்துறை என்று துறைகளே அணிகளாக நின்றன. பெனால்டியை வெளியே அடித்த ரயில்வே வீரரை ரசிகர்கள் திட்டலாம். மாதச் சம்பளம் வந்துவிடும். ஆட்டம் ஓய்ந்த பின்னும் நாற்காலி உண்டு, ஓய்வூதியமும் உண்டு. பசுந்தேயிலை விலை ஒருநாள் ஏறி மறுநாள் இறங்கும் நீலகிரியின் படுகர் ஊர்களில், கோப்பையைவிட, வேலைக்கு வழிவிடும் விளையாட்டுச் சான்றிதழைப் பத்திரமாக வைப்பதன் காரணம் இதுதான். என்.எஃப்.எல். வீரருக்கோ ஓய்வூதிய உரிமை வர மூன்று பருவங்கள் கணக்கில் ஏற வேண்டும். செப்டம்பரில் வந்து அக்டோபரில் போகும் கிக்கருக்கு அந்த மூன்று பெரிய மலை.

அதற்காகத் துறை வேலையை ஒரேயடியாகப் புகழ்ந்துவிட முடியாது. நிரந்தர வேலை கிடைத்ததும் பயிற்சி தளர்ந்தவர்களும் உண்டு. துறைகளில் ஆளெடுப்பும் முன்புபோல் இல்லை. தவிர, ஒரே ஓர் உதைக்காக ஒருவரை வைத்திருக்கும் ஆடம்பரம் நம் ஆட்டத்தில் கிடையாது. கிக்கரின் வருமானத்தையும் மறைக்கக் கூடாது. கான்சஸ் சிட்டியின் ஹாரிசன் பட்கர் 2024இல் நான்கு ஆண்டுக்கு 2.56 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அவரும் 2017இல் கரோலினாவின் ஏழாம் சுற்றுத் தேர்வு. அங்கே பயிற்சிக்குழுவில் கிடந்தவர், கான்சஸ் சிட்டியின் கிக்கருக்குக் காயம்பட்டதால் உள்ளே அழைக்கப்பட்டவர். அந்தக் காயம் ஏற்படாமல் போயிருந்தால் இந்தக் கோடிகள் யாருடையவை என்பது சொல்ல முடியாத கேள்வி.

இப்போது இன்னொரு நெருக்கடி உருவாகிறது. பிரேட்டரின் 64ஐ ஜஸ்டின் டக்கர் 2021இல் 66ஆக்கினார், கேம் லிட்டில் 2025 நவம்பரில் 68ஆக்கினார். இரண்டும் மலையுயரக் காற்றில் அல்ல, கூரை மூடிய அரங்குகளில். டல்லஸின் பிராண்டன் ஆப்ரி கால்பந்து ஆடி, அதை விட்டு மென்பொருள் பொறியாளராகி, பிறகு கிக்கரானவர்; 2023இல் முதல் 35 உதைகளையும் தவறாமல் அடித்தார். இவர்களைப் பார்த்த பயிற்சியாளர்கள் இப்போது 60 யார்டிலிருந்தும் உதைக்கச் சொல்கிறார்கள். முயற்சிக்கச் சொன்ன முடிவு பயிற்சியாளருடையது. ஆனால் விழுக்காட்டுப் பதிவேட்டில் 62 யார்டு தவறும் 25 யார்டு தவறும் ஒரே கோடுதான், அந்தக் கோடு விழுவது கிக்கரின் பெயருக்கு எதிரே. தொலைவுக்கு ஏற்ப எடைபோடும் முறைகளை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கையாள்கிறார்கள். வேலையை விட்டு அனுப்பும் மறுநாள் செய்தியில் வருவது இன்னும் அந்தப் பழைய விழுக்காடுதான்.