சிறு மோட்டாரும் துல்லிய இடமும்: அளவி எங்கே இருக்க வேண்டும்?

பழைய மூன்றரை அங்குல ஃபிளாப்பி டிரைவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும், படிப்படியாகச் சுழலும் சின்னஞ்சிறு ஸ்டெப்பர் மோட்டார் நினைவிருக்கும். அதன் தண்டு நீண்டு ஒரு திருகாகவே மாறிவிடும். படிக்கும் தலை அந்தத் திருகின் மேல் ஊர்ந்து எண்பது தடங்களுக்கும் போய்வரும். அங்குலத்துக்கு 135 தடங்கள், அதாவது தடத்துக்குத் தடம் சுமார் 0.19 மில்லிமீட்டர். பூஜ்யத் தடத்தை அடையாளம் காட்ட ஓர் உணரி உண்டு. மற்றபடி தலை சரியான இடத்தில் நிற்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. படிகளை எண்ணி, நின்றிருக்கும் என்று நம்புவதோடு சரி.

1980இல் வந்த சீகேட் எஸ்டி-506 ஹார்ட் டிஸ்க்கும் இந்த நம்பிக்கையில்தான் ஓடியது. தடங்கள் நெருங்க நெருங்க அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. டிரைவ் சூடேறி உலோகம் சற்று விரிந்தாலே தலை தடத்தைவிட்டு விலகியது. பெருங்கணினிகளுக்கான 3330 வகை டிஸ்க்கில் ஐபிஎம் 1970களின் தொடக்கத்திலேயே வேறு வழி கண்டிருந்தது: தலையை நகர்த்த வாய்ஸ் காயில் என்ற, காந்தப்புலத்தில் நகரும் கம்பிச்சுருள்; வழிகாட்டத் தட்டின் ஒரு பரப்பில் எழுதிய இடக்குறிகள். மேசைக் கணினிகளின் டிஸ்க்குகளும் பின்னர் அந்த வழிக்கே வந்து சேர்ந்தன. இன்று அங்குலத்துக்குத் தடங்கள் லட்சக்கணக்கில். வாய்ஸ் காயிலுக்குப் படி என்பதே கிடையாது, மின்சாரம் நின்றால் நின்ற இடத்தைப் பிடித்துக்கொள்ளவும் தெரியாது. தனி மோட்டாராக எடைபோட்டால் ஸ்டெப்பரைவிட அது மட்டமானது. வேலை நடக்கும் இடத்திலேயே அளவும் நடந்ததால் அது வென்றது.

மோட்டார் தேர்வு மோட்டாரிலிருந்து தொடங்கக் கூடாது என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. கடைப் பேச்சோ நேர்மாறாகத்தான் போகிறது: எத்தனை கிலோ டார்க், எத்தனை நுண்படி?

ஒரு படியை மேலும் சிறு பங்குகளாகப் பிரிக்கும் நுண்படிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பரவலாகக் கிடைக்கும் நீமா 17 ஸ்டெப்பர் ஒரு சுற்றுக்கு 200 படி, படிக்கு 1.8 பாகை. 256 நுண்படி தரும் டிரைவரை இணைத்தால் சுற்றுக்கு 51,200 நிலைகள், ஒவ்வொன்றும் 0.007 பாகை. காகிதத்தில் கண்ணைப் பறிக்கும் எண்தான். ஆனால் இவ்வகை மோட்டாரின் படிப்பிழையே வழக்கமாக ஒரு முழுப்படியில் 5 விழுக்காடு, அதாவது 0.09 பாகை. பன்னிரண்டுக்கும் மேற்பட்ட நுண்படிகளை அந்த ஒரு பிழை விழுங்கிவிடுகிறது. அடுத்தது விசை. 16 நுண்படியில் ஒரு நுண்படி எழுப்பும் முறுக்குவிசை, மோட்டாரின் பிடிப்பு விசையில் சுமார் 10 விழுக்காடு. 256இல் அது 0.6 விழுக்காடு. திருகின் உராய்வு அதைவிட அதிகமாக இருந்தால் தண்டு அசையாது. துடிப்புகள் சேர்ந்து, ஒரு கட்டத்தில் சட்டென்று குதிக்கும். நுண்படியால் ஓட்டம் வழவழப்பாகும், சத்தம் அடங்கும். துல்லியம் அதே அளவுக்குக் கூடும் என்பதுதான் தவறு.

தண்டு எங்கே நிற்கிறது என்று அளந்து சொல்லும் அளவிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஏஎஸ்5600 காந்த உணரி ஒரு சுற்றை 4,096 பங்காகப் பிரித்துக் காட்டும். காந்தத்தை மையம் தப்பி ஒட்டினாலோ அந்தப் பங்குகள் சமமாக இரா.

படியை எண்ணும் முறையே பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. முப்பரிமாண அச்சுப்பொறிகள் பெரும்பாலும் அளவியே இல்லாமல் ஓடுகின்றன. அச்சுத்தலையின் சுமை மாறாதது. ஒவ்வொரு அச்சின் தொடக்கத்திலும் லிமிட் ஸ்விட்ச் பூஜ்யத்தைக் காட்டிவிடுகிறது. முனை எதிலாவது மோதிப் படி தவறினால் மட்டும், மேல் அடுக்குகள் எல்லாம் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கும்.

விண்மீன்களைப் படமெடுப்போர் வீட்டிலேயே செய்யும் கீல்பலகைக் கருவியில் படியை எண்ணும் இந்த முறையைக் கிட்டத்தில் காணலாம். கீலால் இணைத்த இரு பலகைகளை எம்6 திருகு ஒன்று மெல்ல விரிக்கும். ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் நகரும் அந்தத் திருகைக் கீலிலிருந்து ஏறக்குறைய 229 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தி, நிமிடத்துக்கு ஒரு சுற்று சுழற்றினால், மேல்பலகையில் இருக்கும் கேமரா வானத்தோடு சேர்ந்து நகரும். 28பிஒய்ஜே-48 என்ற மலிவான ஸ்டெப்பரே இதற்குப் போதும். அதன் கியர்களில் தளர்வு உண்டு, ஆனால் சுழற்சி ஒரே திசையில்தான். பலகையின் எடையும் பற்களை எப்போதும் ஒரே பக்கமாக அழுத்திவைத்திருக்கும். கோளாறு வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது. இதன் கியர் விகிதம் 64 என்று பொதுவாக எழுதப்படுகிறது. பிரித்துப் பற்களை எண்ணியவர்களின் கணக்கில் பரவலான வகைக்கு அது சுமார் 63.68. நிரலில் சுற்றுக்கு 2,048 படி என்று எழுதுவது வழக்கம், உண்மையில் தேவை 2,038தான். அதனால் கருவி அரை விழுக்காடு வேகமாக ஓடும். வானம் நொடிக்கு 15 கோணநொடி நகர்வதால் நிமிடத்துக்கு நாலரை கோணநொடி பிழை. 50 மில்லிமீட்டர் லென்ஸில் ஒரு நிமிடப் படத்தில் இது தெரியவே தெரியாது. 200 மில்லிமீட்டர் லென்ஸில், பிக்சல் 4 மைக்ரான் என்றால், நிமிடத்துக்கு ஒரு பிக்சல் கோடு விழும். மோட்டாரை மாற்றியும் பயனில்லை. நிரலில் ஓர் எண்ணைத் திருத்தினால் தீர்ந்தது.

சுமை மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில், உதாரணமாக ரோபோக் கையில், எண்ணிக்கையை நம்ப முடியாது. அங்கே டிசி மோட்டார், சுழற்சியை அளக்கும் என்கோடர், பிழையைப் பார்த்துத் திருத்தும் பிஐடி கட்டுப்பாடு மூன்றும் வேண்டும். கப்பலின் சுக்கானைத் தானே திருப்பும் கருவிக்காக நிக்கோலஸ் மினோர்ஸ்கி 1922இல் எழுதிய ஆய்வில் வடிவம் பெற்ற அதே கட்டுப்பாடு இன்று சில நூறு ரூபாய் போர்டிலும் ஓடுகிறது.

வேலை நடக்கும் இடத்திலேயே அளப்பதுதான் நல்லது என்றால், என்கோடரை எப்போதும் கியருக்கு அப்பாலுள்ள வெளித்தண்டிலேயே மாட்டிவிடலாமே என்ற கேள்வி எழும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கியரில் தளர்வு இருந்தால், மோட்டார் அந்த இடைவெளிக்குள் ஓடும்போது அளவி அசையாது. கட்டுப்படுத்தி மேலும் தள்ளும். பல் மோதியதும் இலக்கைத் தாண்டிவிடும். மறுபடி பின்னால் இழுக்கும். தண்டு ஓயாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். உயர்துல்லிய சிஎன்சி இயந்திரங்களில் வேகத்துக்கு மோட்டார் தண்டில் ஓர் என்கோடரும், இடத்துக்கு மேசையோரம் கண்ணாடி அளவுகோலும் என இரண்டு அளவிகள் இருப்பது இதனால்தான். அந்தச் செலவைத் தாங்காத சிறு கருவிக்குத் தளர்வில்லாத பெல்ட்டும், சுமையருகே ஒரே என்கோடரும், நடுத்தர மோட்டாரும் போதும். பெரிய மோட்டாருக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் இவற்றுக்குத்தான் செலவிட வேண்டும்.