தமிழிற் கற்பித்த அமெரிக்க வைத்தியர்

எமது சங்க மலருக்கு இவ்வாண்டு எதைப் பற்றி எழுதப்போகின்றீர் என்று பெரியவர் ஒருவர் எம்மை வினவினார். மானிப்பாயில் இருந்த டாக்டர் கிறீனைப் பற்றி என்றோம். அவர் சிறிது நேரம் எம்மையே பார்த்திருந்துவிட்டு, "தம்பி, நாவலர் பெருமான் ஆரோடை வாதாடினவர் எண்டு தெரியுந்தானே? அந்தக் கூட்டத்திலை ஒருத்தரையோ எங்கடை மலரிலை எழுதப்போறீர்?" என்றார்.

கேள்வி நியாயமானதே. காலையிலே மிஷன் பாடசாலையிற் ஜெபத்துக்கு எழுந்து நின்று, மாலையிலே கோயில் வீதியில் தேவாரம் பாடி வளர்ந்த எமக்கு அது இரட்டிப்பாக உறைத்தது. அன்று நாம் கூறிய விடை எமக்கே திருப்தி தரவில்லை. ஆதலின் இங்கே சற்று விரித்து எழுதுகின்றோம்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்ரோபர் 10ஆந் திகதி அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலே பிறந்தார். (நியூயோர்க் மாநகரின் இன்றைய அமைப்புக்கு வித்திட்ட அன்ட்ரூ கிறீன் இவருடைய தமையனார் ஆவர்.) அதே ஆண்டு டிசெம்பர் 18ஆந் திகதி நல்லூரிலே ஆறுமுக நாவலர் அவதரித்தார். இருவருக்கும் இடையே இரண்டு மாதமே வித்தியாசம் என்பதை அறிந்தபோது நாம் வியப்புற்றோம். கிறீன் 1845இல் நியூயோர்க்கிலே வைத்தியப் பட்டம் பெற்றார். 1847 ஏப்பிரலிலே பொஸ்ரனிற் கப்பலேறிச் சென்னை வழியாக ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். வயது இருபத்தைந்து. அவர் வந்து மூன்று மாதம் நிறையுமுன்னே, டிசெம்பர் 31ஆந் திகதி, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே நாவலர் தமது முதலாவது பிரசங்கத்தைச் செய்தார். ஒருவர் தம் சமயத்தைப் பரப்ப வந்து இறங்க, மற்றவர் தம் சமயத்தைக் காக்க எழுந்து நின்ற காலம் அது.

கிறீன் சமயம் பரப்பவே வந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை, அவரும் மறைத்தாரல்லர். குருப்பட்டம் பெற்ற பாதிரியார் அல்லரெனினும் அமெரிக்க மிஷனின் ஊழியரே. அவரது மருந்துச்சாலையிலே வேதவாசிப்பும் ஜெபமும் நடந்த பின்னரே மருந்து கொடுக்கப்பட்டது. நோயாளி மருந்தை எடுத்துக்கொண்டு உபதேசத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருப்பார் என்று நாம் எண்ணுகின்றோம். எம் முன்னோர் கெட்டிக்காரர்.

முதலில் வட்டுக்கோட்டையில் இருந்த கிறீன், 1848இல் மானிப்பாய்க்கு வந்து அங்கே நிலைகொண்டார். அந்நாளிலே ஊரவர் நோயென்றால் நாடுவது பரியாரியாரையே. அம்மாள் வருத்தம் என்றால் மருந்தே இல்லை, வேப்பிலையும் விரதமுமே. வாந்திபேதி வந்தாலோ ஊரே நடுங்கும். மொழியும் பழக்கமும் அறியாத அந்நிய இளைஞர் ஒருவர் இத்தகைய ஊரிலே கத்தியோடும் மருந்துப் புட்டியோடும் வந்து அமர்ந்தால் யார்தாம் எளிதில் நம்புவர்? கிறீன் தமிழை முன்ஷியிடம் கற்றார், நோயாளரிடமும் கற்றார். பின்னையதே கூடுதலாகப் பயன்பட்டிருக்கும்.

வந்த மறு வருடமே ஒரு சில மாணவரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். கற்பித்தது ஆங்கிலத்தில். வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் நன்கு பயின்ற மாணவர் கிடைத்தனர். நூல்கள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. ஆதலின் வேறு வழியை அவர் முதலில் நினைக்கவில்லை. ஆனால் நடந்தது என்ன? ஆங்கிலத்திலே வைத்தியம் கற்றவனுக்கு அரசாங்க உத்தியோகம் வெளியூர்களிலே காத்திருந்தது. படித்து முடித்தவர் குடாநாட்டை விட்டுப் புறப்பட்டனர். கிராமத்து நோயாளி மீண்டும் வெறுந் திண்ணையிலே இருந்தான். போனவர்களை நாம் குறைகூற முடியாது. வீட்டிலே தங்கைமார் இருந்திருப்பர். எனினும் கிறீனின் உள்ளத்தில் இது பதிந்தது. ஒருவனுக்குக் கற்பிக்கும் மொழியே அவன் எங்கே வாழ்வான் என்பதையும் தீர்மானிக்கின்றது என்று அவர் கண்டுகொண்டார்.

இடையிலே, 1855இல், அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் தூதுக்குழு செமினரியை மூடுவித்தது. சுதேச மொழிக்கே முதன்மை என்பது அவர்களது கொள்கை. கிறீன் உடல்நலங் குன்றி ஊர் திரும்பி, 1862இல் மனைவியுடன் மீண்டும் மானிப்பாய் வந்தார். 1864 முதல் அவரது வைத்திய வகுப்பு முற்றிலும் தமிழிலேயே நடந்தது.

இங்கேதான் அவருடைய உண்மையான உழைப்புத் தொடங்குகின்றது. தமிழிற் கற்பிப்பதென்றால் தமிழில் நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். கிறீன் வகுத்துக்கொண்ட முறை இது: முதலில் தமிழிலே தேடுவது, தமிழிற் கிடையாவிடின் வடமொழியிலே தேடுவது, அங்கும் பொருத்தமானது இல்லையெனின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் அமைத்துக்கொள்வது. உடற்கூற்று நூலுக்கு 'அங்காதிபாதம்' என்றும், உடற்றொழில் நூலுக்கு 'சுகரணவாதம்' என்றும் பெயர் வழங்கிற்று. பாதாதிகேசம் பாடிய நாட்டிலே அங்காதிபாதம் என்ற பெயர் எவ்வளவு இயல்பாகப் பொருந்துகின்றது! இரசாயனத்துக்கு இட்ட 'கெமிஸ்தம்' என்ற பெயரைக் கேட்டு எமது சகபாடிகள் சிரித்தனர். நாமும் சிரித்தோம். ஆயினும், தமிழ்ப் பெயர் வைக்க எவரும் முன்வராத வேளையில் அவர் வைத்தது அது.

கட்டர் என்பாரின் நூல் 1857இலேயே தமிழில் அச்சாயிற்று. பின்னர் 1867இல் 'இரணவைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 1875இல் 'கெமிஸ்தம்' என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மனுஷ அங்காதிபாதம் என்பது மருத்துவ மாணவர் இன்றும் படிக்கும் கிறேயின் உடற்கூற்று நூலே. எல்லாமாகத் தமிழிலே 4,000 பக்கங்களுக்கு மேல். அவர் தனியே செய்ததன்று; மாணவர் உடனிருந்து உழைத்தனர். அவர்களுள் டான்போர்த், சாப்மன் என்போர் தமிழ்ப் பிள்ளைகளே என்பதைப் பெயரைக் கேட்பவர் ஊகிக்கவும் முடியாது. அமெரிக்கத் தருமவான்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுவது அக்கால மிஷன் வழக்கம். அந்த வழக்கத்தை எம்மால் ஏற்க இயலவில்லை.

ஆனால் உடை விஷயத்திலே கிறீன் வேறு வழி சென்றார். காற்சட்டையும் சப்பாத்தும் அணிந்து வெள்ளைக்காரர் போல் நடக்க விழைந்த மாணவரை அவர் விரும்பவில்லை; வேட்டியும் சால்வையுமே தகும் என்றார். ஐரோப்பியராக மாறிய இந்துக்களைத் தாம் வேண்டவில்லை என்ற கருத்தைத் தம் கடிதங்களில் எழுதினார். சமயத்தை மாற்ற வந்த அவர், அதைத் தவிர மற்றெல்லாவற்றையும் இருந்தபடியே இருக்கவிட எண்ணினார் போலும். நாவலர் பெருமான் இதனை ஏற்றிருப்பாரா? ஏற்றிருக்கமாட்டார். சமயம் போனபின் வேட்டி இருந்தென்ன என்றே கேட்டிருப்பார். அக் கேள்விக்குக் கிறீனிடம் விடையில்லை; எம்மிடமும் இல்லை. எனினும் நாவலர் பெருமான் தமிழ் வசனநடையைச் செப்பஞ்செய்த அதே காலத்தில், சில கட்டை தூரத்தில், அவருக்கு ஒத்த வயதினர் ஒருவர் அதே தமிழிலே நரம்புக்கும் நாடிக்கும் பெயர் தேடிக்கொண்டிருந்தார் என்பது மட்டும் மெய்.

அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவர்களுள் 33 பேர் தமிழிலே கற்றவர். இம்முயற்சி நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பிலே அரசாங்கம் தொடங்கிய வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தையே கைக்கொண்டது. உத்தியோகம் அந்தப் பக்கம் இருந்தது; பெற்றோரும் அந்தப் பக்கமே நோக்கினர். இதற்கு வெள்ளைக்காரனை மாத்திரம் குற்றஞ்சாட்டுவது பொருந்தாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இல் ஆரம்பித்த மருத்துவபீடத்திலும் போதனை ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது.

பெரியவரிடம் இவற்றையெல்லாம் பின்னொரு நாட் கூறினோம். அவர் அந்த 33 என்ற தொகையைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். "தமிழிலையோ? முழுக்கத் தமிழிலையோ?" என்றார். பின்பு, தமது பேத்தி மருத்துவபீடத்திலே படிப்பதாகவும், அவளுடைய புத்தகத்தில் ஒரு வரிதானும் தமக்கு விளங்குவதில்லை என்றும் கூறினார்.

மானிப்பாய் வைத்தியசாலை கிறீனின் பெயரையே தாங்கி நிற்கின்றது. அவர் 1873இல் விடைபெற்றுச் சென்றார். வூஸ்ரரில் இருந்தபடியே தமிழ் நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. மறு வருடம் மே மாதம் 28ஆந் திகதி காலமானார். தமது கல்லறையில் என்ன பொறிக்கப்பட வேண்டும் என்பதை அவரே சொல்லிவைத்திருந்தார். பெயரும் ஆண்டுகளும் இயேசுவின் நாமமும் நீங்கலாக, தாம் தமிழருக்கு மருத்துவ ஊழியராக இருந்தவர் என்ற ஒரே செய்திதான் அக்கல்லில் உள்ளது.