வயலின் நரம்புகளில் ஒரு செபமாலை

கிறிஸ்து பிறப்பு விழா என்றதும் குடிலும் விண்மீனும் பாடல்களும் நம் நினைவுக்கு வருகின்றன. சொற்களே இல்லாமல், வயலின் நரம்புகளைக் கொண்டு இம்மறையுண்மையைத் தியானிக்கும் ஒரு பழைய இசையை இங்கு அறிந்துகொள்வோம்.

பொகேமியாவில் பிறந்த ஹைன்ரிக் பீபர் (1644–1704), சால்ஸ்பர்க் பேராயரின் அவையில் பணியாற்றிய வயலின் கலைஞர். 1670-களில் செபமாலையின் 15 மறையுண்மைகளுக்கும் தனித்தனியே இசையமைத்து, பேராயர் மாக்சிமிலியன் காண்டோல்ஃபுக்குக் காணிக்கையாக்கினார். (ஒளியின் மறையுண்மைகளைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2002-இல்தான் சேர்த்தார்.) ஒவ்வொரு படைப்பின் முன்னும் அந்தந்த மறையுண்மையைக் காட்டும் சிறு படம் உண்டு. இறுதியில் காவல்தூதர் படத்துடன், தனி வயலினுக்கான 16-ஆம் படைப்பு வருகிறது. மியூனிக் நகரின் பவேரிய அரசு நூலகத்தில் உள்ள இக்கையெழுத்துப் படி 1905-இல்தான் அச்சேறியது.

அக்கால வயலினுக்கு ஆட்டுக்குடலைத் திரித்து நரம்பு செய்தார்கள். அதன் நான்கு நரம்புகளுக்கு வழக்கமான சுருதி ஜி, டி, ஏ, இ. பீபரோ முதல் படைப்பையும் இறுதிப் படைப்பையும் தவிர மற்ற 14-இலும் சுருதியை மாற்றச் சொல்கிறார். மூன்றாம் படைப்பான கிறிஸ்து பிறப்பில் நரம்புகள் பி, எஃப் ஷார்ப், பி, டி என்று அமைகின்றன. மூன்று நரம்புகளை முறுக்கி ஏற்ற வேண்டும். உச்ச நரம்பை மட்டும் தளர்த்தி இறக்க வேண்டும். கருவி அதேதான், அதன் குரல் வேறாகிவிடுகிறது.

மகிழ்ச்சியின் மறையுண்மையான இதற்கு அவர் தேர்ந்தது, துயரச் சாயல் கொண்ட பி மைனர். கேட்கும் நமக்கு வியப்பாயிருக்கலாம். ஆனால் தீவனத்தொட்டியில் கிடத்தப்பட்ட குழந்தை, சிலுவையில் தம்மையே கையளிக்கப் பிறந்தவர் அல்லவா? உயிர்ப்புக்கான 11-ஆம் படைப்பிலோ நடு நரம்புகள் இரண்டும் இடம் மாறி, ஒன்றையொன்று குறுக்கே கடந்து சிலுவை வடிவம் பெறுகின்றன. பிறப்பில் துயரின் நிழல். உயிர்ப்பின் மகிழ்விலும் சிலுவையின் அடையாளம்.

இவ்வாண்டு அன்பான ஒருவரை இழந்து, விண்மீன் கட்டவும் மனமின்றி இருக்கும் இல்லங்கள் நம் பங்கிலும் உண்டு. விழா தங்களுக்கில்லை என்று அவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. கண்ணீரோடு பாலனைப் பார்ப்பதும் ஆராதனையே. அத்தகைய ஓர் இல்லத்திற்குச் சென்று, அவர்களோடு அமர்ந்து, மூன்றாம் மறையுண்மையைச் செபிப்போம். அவர்களின் சுருதிக்கு நம் இதயத்தை இசைத்துக்கொள்வோம்.